விழும் ஈயத்தின் சூட்டை அளத்தல்: ஓர் அட்டைக் குழாய்ச் சோதனை

ஒரு மீட்டர் உயரத்திலிருந்து விழுந்து, எகிறாமல் அப்படியே அடங்கிவிடும் ஈயத் துண்டு, அந்த அடியில் பிறந்த வெப்பம் முழுவதையும் தன்னிடமே வைத்துக்கொண்டால், ஏறக்குறைய 0.077 டிகிரி செல்சியஸ் சூடேறும். அதாவது ஒரு டிகிரியில் பதின்மூன்றில் ஒரு பங்கு. துண்டு 10 கிராமா, 10 கிலோவா என்பது இதில் பொருட்டே இல்லை. எடை கூடினால் விழும் ஆற்றலும் கூடுகிறது, சூடாக்க வேண்டிய ஈயமும் அதே அளவு கூடுகிறது. புவியீர்ப்பு முடுக்கத்தை உயரத்தால் பெருக்கி, ஈயத்தின் தன்வெப்ப ஏற்புத்திறனால், அதாவது ஒரு கிலோ ஈயம் ஒரு டிகிரி சூடேறத் தேவைப்படும் வெப்பத்தால், வகுத்தால் விடை வந்துவிடும். பதினொன்றாம் வகுப்பில் படிக்கும் என் அக்கா மகள் இந்தக் கணக்கை அரைப் பக்கத்தில் போட்டு முடித்துவிட்டாள். போட்ட கணக்கை வெப்பமானியில் கண்ணால் பார்க்க வேண்டும் என்று அவள் கேட்டதால்தான், சேலத்தில் எங்கள் வீட்டு மாடி அறையில் இந்தச் சோதனையை அமைத்தோம். வெப்பத்தை உண்டாக்குவதில் சிரமமே இல்லை. உண்டான வெப்பம் ஈயத்தில் எவ்வளவு, குழாயில் எவ்வளவு, நம் கையிலிருந்து வந்து கலந்தது எவ்வளவு என்று பிரித்துப் பார்ப்பதில்தான் எங்கள் நேரம் முழுவதும் சென்றது.

ஈயத்தைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. ஒரு டிகிரி சூடேற எவ்வளவு உயரத்திலிருந்து விழ வேண்டும் என்று கணக்கிட்டால், ஈயத்துக்குச் சுமார் 13 மீட்டர், வெள்ளிக்கு 24, செம்புக்கு 39, இரும்புக்கு 46 என்று வருகிறது. தண்ணீருக்கோ 427 மீட்டர் வேண்டும். அதோடு, ஈயம் மெத்தென்று அமுங்கி அடங்கும் உலோகம். சைக்கிள் பேரிங்கில் இருக்கும் இரும்புக் குண்டுகளைப் போட்டால் அவை எகிறி எகிறி, தம் ஆற்றலைக் குழாயின் சுவருக்கும் மூடிக்கும் கொடுத்த பிறகே ஓய்கின்றன.

வீட்டுக்குள் 13 மீட்டர் உயரம் கிடைக்காது. ஆகவே ஒரு மீட்டர்க் குழாயில் ஈயக் குண்டுகளை அடைத்து, குழாயைத் தலைகீழாகத் திருப்பித் திருப்பி அதே ஈயத்தைப் பல முறை விழச் செய்வதே பழைய ஆய்வக வழக்கம். ஒவ்வொரு திருப்பலிலும் ஈயத்தை மேலே தூக்குவது நம் கை. அந்த வேலை நிலையாற்றலாகச் சேர்ந்து, விழும்போது இயக்க ஆற்றலாகி, கீழே மோதியதும் குண்டுகள் ஒன்றையொன்று நசுக்கி உரசுவதில் வெப்பமாக முடிகிறது.

குழாய்க்கு முதலில் தண்ணீர் பி.வி.சி. குழாயைத்தான் நினைத்தோம். ஆனால் சேலத்தில் அதைவிட நல்ல பொருள் சும்மாவே கிடைக்கிறது. விசைத்தறிக் கூடங்களிலும் ஜவுளிக் கடைகளிலும் துணி சுற்றி வரும் அட்டைக் குழாய்களில் தடிமனான ரகம் ஒன்று உண்டு. சுவர் ஏறக்குறைய 5 மில்லிமீட்டர் கனம், உள்விட்டம் 5 சென்டிமீட்டர். அட்டைக்குள் அடைபட்டிருக்கும் காற்று வெப்பத்தை எளிதில் கடத்தாது. இரண்டையும் வைத்து ஒப்பிட்டுப் பார்ப்பது என்று முடிவு செய்து, ஒரே நீளத்தில் இரு குழாய்களை வெட்டிக்கொண்டோம். இரு முனைகளிலும் மரத்தச்சரிடம் கடைந்து வாங்கிய மரக்கட்டை மூடி. அதன் உள்பக்கம் மெல்லிய தக்கைத் தகடு. மூடிகளுக்கு இடையே சரியாக ஒரு மீட்டர். ஒரு முனையிலிருந்து 4 சென்டிமீட்டர் தள்ளி, வெப்ப உணரியை நுழைக்க ஒரு சிறு துளையிட்டு, திருப்பும் நேரத்தில் அதை ரப்பர் அடைப்பால் மூடிவைத்தோம்.

ஈயத்துக்கு மேட்டூர்ப் பக்கம் மீன்பிடி வலை விற்கும் கடையில், தூண்டிலுக்குக் கட்டும் பொடி ஈயக் குண்டுகளை எடைபோட்டு வாங்கினோம். புதிதாக இருந்தாலும் அவற்றில் எண்ணெய்ப் பிசுக்கு இருக்கும். சோப்புத் தண்ணீரில் அலசி, நன்றாக உலர்த்திய பிறகே பயன்படுத்த வேண்டும். ஈரம் கொஞ்சம் இருந்தாலும் அது ஆவியாகும்போது, நாம் அளக்கப்போகும் வெப்பத்தை விழுங்கிவிடும்.

உணரி விஷயத்தில் சற்று நிதானமாக யோசிக்க வேண்டியிருந்தது. கடைகளில் கிடைக்கும் எஃகு உறையிட்ட எண்முறை உணரிகள் நீடித்து உழைப்பவை. ஆனால் உறையும் அதன் கம்பியும் சேர்ந்து ஈயத்திடமிருந்து கணிசமான வெப்பத்தை எடுத்துக்கொள்ளும். நாங்கள் எடுத்தது கடுகைவிடச் சற்றுப் பெரிய மணி வடிவத் தெர்மிஸ்டர், அதாவது சூடேறினால் மின்தடை குறையும் உணரி. 25 டிகிரியில் அதன் மின்தடை 10 கிலோ ஓம். 30 டிகிரியில் ஏறக்குறைய 8.04 கிலோ ஓம். அந்த இடத்தில் ஒரு டிகிரி ஏறினால் 340 ஓம் அளவுக்குத் தடை குறைகிறது. சாதாரண மல்டிமீட்டர் 10 ஓம் மாற்றத்தைக் காட்டும் என்பதால், 0.03 டிகிரி வரை பிரித்தறிய முடிகிறது. சில நூறு ரூபாய் மீட்டருக்கு இது பெரிய காரியம். சுழிப் பிழையைப் பற்றி, அதாவது உணரி எப்போதும் ஒரே அளவு கூட்டியோ குறைத்தோ காட்டுவதைப் பற்றி, கவலைப்படத் தேவையில்லை. நமக்கு வேண்டியது தொடக்கத்துக்கும் முடிவுக்கும் உள்ள வித்தியாசம் மட்டுமே.

திருப்பும் விதம் முக்கியம். மெதுவாகச் சாய்த்தால் குண்டுகள் சுவரை உரசிக்கொண்டே சறுக்குகின்றன; அப்போது பிறக்கும் வெப்பத்தில் பாதி சுவரோடு போகிறது. வேகமாகத் திருப்பி, செங்குத்தான நிலையில் சட்டென்று நிறுத்தினால், குண்டுகள் மேல் முனையிலேயே ஒட்டிநின்று, பிறகு மொத்தமாக ஒரே வீழ்ச்சியில் வந்து விழுகின்றன. சரியாக விழுந்ததைக் காதே சொல்லிவிடும்: சறுக்கினால் ‘சரசர’வென்ற ஓசை, விழுந்தால் ‘சொத்’தென்று ஒற்றை அடி. இரண்டு விநாடிக்கு ஒரு திருப்பல் என்ற கணக்கில் 60 திருப்பல்களை ஒரு சுற்றாக வைத்துக்கொண்டோம்.

கணக்கில் ஒரு நுணுக்கத்தையும் இங்கே சொல்லிவிட வேண்டும். குழாயின் நீளம் ஒரு மீட்டர் என்பதால் ஈயம் ஒரு மீட்டர் விழுகிறது என்று கொள்ளக் கூடாது. ஒரு கிலோ குண்டுகள் குழாயில் ஏறக்குறைய 8 சென்டிமீட்டர் உயரத்துக்கு நிற்கின்றன. ஆகவே ஈயத்தின் நிறைமையம் உண்மையில் விழும் தூரம் 92 சென்டிமீட்டர்தான். அதன்படி 60 திருப்பல்களில் ஒரு கிலோவுக்குச் சேரும் ஆற்றல் 541 ஜூல். ஈயத்தின் தன்வெப்ப ஏற்புத்திறன் கிலோவுக்கு டிகிரிக்கு 128 ஜூல் என்று வைத்தால், 4.2 டிகிரி ஏற வேண்டும்.

பி.வி.சி. குழாயில் ஏறியது 2.9 டிகிரி. அட்டைக் குழாயில் 3.5 டிகிரி. அட்டையின் தரம் இதிலேயே தெரிந்துவிட்டது. அதன் பிறகு பி.வி.சி.யைத் தொடவே இல்லை.

“மாமா, இது அடியில வந்த சூடா, உங்க கைச்சூடா?” என்று அக்கா மகள் கேட்டாள். நியாயமான கேள்வி. மே மாதச் சேலத்தில் மின்விசிறியையும் நிறுத்திவிட்டு, வியர்வை வழிய இரண்டு நிமிடம் குழாயைப் பிடித்திருக்கிறோம் என்றால் அந்தச் சந்தேகம் எவருக்கும் வரும். அதைத் தீர்க்க, அதே ஈயத்தோடு அதே குழாயைத் திருப்பாமல், படுக்கை வாட்டத்தில் அதே இரண்டு நிமிடம் பிடித்திருந்து அளந்தோம். மாற்றம் மீட்டரின் கடைசி இலக்கத்தைத் தாண்டவில்லை. பருத்திக் கையுறை அணிந்து, ஈயம் தங்கும் முனைகளைத் தவிர்த்து, நடுப்பகுதியை மட்டும் பிடித்ததும் இதற்கு உதவியிருக்கும்.

அடுத்து, சுற்றுப்புறத்துக்குக் கசியும் வெப்பத்தைச் சமன்செய்ய வேண்டும். ஈயத்தை அறை வெப்பநிலையைவிட இரண்டு டிகிரி குறைவாகத் தொடங்கினால், சோதனையின் முதல் பாதியில் அது காற்றிடமிருந்து வெப்பத்தை வாங்கும், பின்பாதியில் கொடுக்கும். இரண்டும் ஏறத்தாழ ஈடாகிவிடும். குளிர்பதனப் பெட்டி இதற்குத் தேவையில்லை, அது அளவுக்கு மீறிக் குளிர்விக்கும். ஈயத்தைப் பிளாஸ்டிக் உறையில் கட்டி, மண்பானைத் தண்ணீரில் சிறிது நேரம் அமிழ்த்தி எடுத்தோம். கோடையின் வறண்ட காற்றில் பானைத் தண்ணீர் அறையைவிடப் பல டிகிரி குளிர்ந்திருக்கும்; எடுத்துக் குழாயில் போட்டு, உணரியைப் பார்த்துக்கொண்டே இருந்து, வித்தியாசம் இரண்டு டிகிரிக்கு வந்ததும் திருப்பத் தொடங்கலாம்.

இதே முறையை ஏற்காட்டில், மூடுபனி இறங்கும் மழைக்காலத்தில் செய்ய நினைப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. அங்கே காற்று ஏறக்குறைய நிறைவுற்ற ஈரத்தில் இருக்கும். இரண்டு டிகிரி குளிர்ந்த ஈயத்தின் மேல் பனி படிந்து, படியும்போது தன் உள்ளுறை வெப்பத்தை ஈயத்துக்குக் கொடுத்து, பிறகு ஆவியாகும்போது அதைத் திருப்பி எடுத்து, அளவீட்டைக் குழப்பிவிடும். மலை மேல் புவியீர்ப்பு குறைவாக இருக்குமே என்று சிலர் கேட்கிறார்கள். ஏற்காட்டுக்கும் சேலத்துக்கும் உள்ள வேறுபாடு பத்தாயிரத்தில் நான்கு பங்குதான். நம் மீட்டருக்கு அது எட்டாது.

குளிர்வித்துத் தொடங்கியபோது 3.8 டிகிரி ஏறியது. திருப்பி முடித்ததும் உணரியை நுழைத்தால், எண் உடனே நிலைக்காது. குண்டுகளுக்கு இடையே காற்று இருப்பதால் முக்கால் நிமிடம் வரை தடை இறங்கிக்கொண்டே வந்து, சிறிது நேரம் நின்று, பின் மெல்ல ஏறத் தொடங்குகிறது. பத்து விநாடிக்கு ஒரு முறை குறித்து, வரைபடத்தாளில் புள்ளியிட்டு, குளிரும் பகுதியின் கோட்டைத் திருப்பி முடித்த நேரம் வரை பின்னோக்கி நீட்டிப் படித்த மதிப்பே இந்த 3.8.

இந்த மதிப்பிலிருந்து ஈயத்தின் தன்வெப்ப ஏற்புத்திறனைக் கணக்கிட்டால் 142 வருகிறது. இருக்க வேண்டியதைவிடப் பதினொரு விழுக்காடு அதிகம். ஈயம் மட்டும் சூடாகவில்லை. அட்டையின் உள்பரப்பு, தக்கை, குழாய்க்குள் இருக்கும் இரண்டு லிட்டர் காற்று எல்லாம் தத்தம் பங்கை எடுத்துக்கொண்டிருக்கின்றன. காற்றின் பங்கு ஒன்றரை விழுக்காட்டைத் தாண்டாது. பெரும்பகுதி சுவரும் மூடியும்தான்.

அந்தப் பங்கை அளக்கத் தனிக் கருவி வேண்டியதில்லை என்பதுதான் இந்தச் சோதனையில் எனக்கு மிகப் பிடித்த இடம். ஈயத்தை இரண்டு கிலோவாக்கினோம். எடை பொருட்டில்லை என்று தொடக்கத்தில் சொன்னேன். ஈயம் மட்டும் இருந்தால் அது சரி. குழாயோ, ஈயம் எவ்வளவு இருந்தாலும் ஒரு டிகிரி சூடேற ஒரே அளவு வெப்பத்தையே எடுக்கிறது. ஈயம் கூடினால் அந்த இழப்பு கூடுதல் ஈயத்தின் மேல் பகிர்ந்து போகும். இரண்டு கிலோ ஈயம் 16 சென்டிமீட்டர் உயரம் நிற்பதால் விழும் தூரம் 84 சென்டிமீட்டராகக் குறைகிறது. 60 திருப்பல்களில் மொத்தம் 988 ஜூல். ஏறிய வெப்பநிலை 3.6 டிகிரி. ஆக, ஒரு கிலோ ஈயமும் குழாயும் சேர்ந்து டிகிரிக்கு 142 ஜூல். இரண்டு கிலோ ஈயமும் அதே குழாயும் சேர்ந்து 274 ஜூல். ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்தால் குழாய் விலகிவிடுகிறது, ஒரு கிலோ ஈயத்துக்கு 132 ஜூல் மிஞ்சுகிறது. குழாயின் பங்கு 10 ஜூல். எங்கள் வெப்பநிலை அளவீட்டில் 0.05 டிகிரி ஐயம் உண்டு. அது விடையில் நான்கு ஜூல் வரை மேலும் கீழும் இழுக்கும். 128 அந்த எல்லைக்குள்தான் இருக்கிறது.

திருப்பித் திருப்பிச் சேர்க்காமல், ஒரே அடியில் சூட்டைப் பார்க்க முடியுமா என்பது அடுத்த ஆசை. லேத் பட்டறையில் 60 மில்லிமீட்டர் விட்டமுள்ள இரும்பு உருளைக் கம்பியில் 18 சென்டிமீட்டர் வெட்டி வாங்கினால் நான்கு கிலோ வருகிறது. அதை 75 மில்லிமீட்டர் பி.வி.சி. குழாய்க்குள் இரண்டு மீட்டர் விழச் செய்தால், கீழே வரும்போது விநாடிக்கு 6 மீட்டருக்குச் சற்று மேலான வேகம், 78 ஜூல் ஆற்றல். குழாயின் அடிப்பகுதியில் வரிசையாகத் துளைகள் போட வேண்டும். இல்லாவிட்டால் கீழே அடைபடும் காற்று பிஸ்டனைப் போல் எடையைத் தாங்கி வேகத்தைக் குறைத்துவிடும். எடையைக் கயிறும் கப்பியும் கொண்டு ஏற்றி, குறுக்கே செருகிய ஆணியைத் தூரத்திலிருந்து இழுத்துத்தான் விடுவிக்க வேண்டும். ஆணி செருகியிருக்கும்போதுகூட அடியில் கை வைக்கக் கூடாது.

பட்டறைகளில் அடைகல்லாக வைத்திருக்கும் தண்டவாளத் துண்டு ஒன்று அரை மீட்டர் நீளத்தில் கிடைத்தது. மீட்டருக்கு 52 கிலோ எடையுள்ள ரகம் என்பதால் அது 26 கிலோ. நான்கு கிலோ எடை விழுந்து 26 கிலோவோடு சேர்ந்து நகர்ந்தால், ஆற்றலில் 13 விழுக்காடு தண்டவாளத்தை நகர்த்துவதிலேயே போய்விடும். சிமெண்ட் தரையில் அசையாமல் பதித்தால் இது குறையும். அடைகல் கனமாக இருக்க வேண்டும் என்று கொல்லர்கள் வற்புறுத்துவதன் கணக்கு இதுதான்.

தண்டவாளத்தின் மேல் 40 கிராம் ஈய உருளை. அடித்ததும் இரும்பு எடை எகிறிய உயரம் நான்கு விரற்கடை கூட இல்லை. 16 மில்லிமீட்டர் உயரம் இருந்த உருளை ஏறக்குறைய பாதியாகத் தட்டையாகி, ஓரங்களில் மெல்லிய வெடிப்புக் கோடுகளோடு, விரலால் தொட்டால் தெரியும் சூட்டில் கிடந்தது. கணக்குப்படி 15 டிகிரி வரை ஏறலாம். ஈயம் இரும்புக்கு நடுவே அகப்பட்டிருப்பதால், கண் மூடித் திறப்பதற்குள் வெப்பம் மேலும் கீழும் ஓடிவிடுகிறது; இடுக்கியால் எடுத்துத் தெர்மோகோல் துண்டுகளுக்கு இடையே உணரியோடு சேர்த்து அழுத்தியபோது 9 டிகிரி கிடைத்தது. மேலும் கீழும் தடித்த காகிதத்தை வைத்தபோது 11. இந்த முறையில் அதற்கு மேல் நெருங்க முடியாது என்றே நினைக்கிறேன்; அதற்குத் திருப்பும் குழாயே மேல்.

செவ்வாய்ப்பேட்டையில் கொலுசு வேலை செய்யும் பெரியவர் ஒருவரிடம் இந்தத் தட்டையான ஈயத்தைக் காட்டினேன். “அடிச்சாச் சூடேறும் தம்பி, அது தெரிஞ்சதுதானே. ஆனா வெள்ளி சூடேறுறதோட நிக்காது, இறுகிப் போகும். நெருப்புல காட்டி இளக்கித்தான் மறுபடி அடிக்கணும்” என்றார். அவர் சொன்னது இயற்பியலில் அளந்து பார்க்கப்பட்ட விஷயம். 1934-இல் டெய்லர், குவின்னி என்ற ஆய்வாளர்கள் இருவரும் உலோகத்தை உருக்குலைக்கச் செலவிடும் வேலையில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பங்கு வெப்பமாகிறது என்றும், எஞ்சியது உலோகத்தின் படிக அமைப்பில் ஏற்படும் குலைவுகளில் தங்கிவிடுகிறது என்றும் காட்டினார்கள். வெள்ளி இறுகுவது அந்தத் தங்கிய பங்கால். ஈயம் 327 டிகிரியிலேயே உருகிவிடும் உலோகம். அறை வெப்பநிலையே அதற்கு இளக்கும் சூடு. குலைவுகள் தாமே சீராகி, தங்கியிருந்த ஆற்றலும் பெரும்பாலும் வெப்பமாக வெளிவந்துவிடுகிறது. இந்தச் சோதனைக்கு ஈயமே ஏற்றது என்பதற்கு இது இன்னொரு காரணம்.

இதே கணக்கு பொருந்தும் மலைப்பாதையைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஏற்காட்டிலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து இறங்கும் 10 டன் லாரி, ஆயிரம் மீட்டர் இறங்கினாலே 9.8 கோடி ஜூல் ஆற்றலைக் கழிக்க வேண்டும். அது 300 லிட்டருக்கு மேற்பட்ட தண்ணீரை 30 டிகிரியிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுபோகும் வெப்பம். கீழ்க் கியரில் இறக்கி எஞ்சினுக்கும் ஒரு பங்கைக் கொடுக்காவிட்டால், முழுவதையும் பிரேக் டிரம்களே வாங்க வேண்டியிருக்கும்.

ஏற்காட்டின் கிளியூர் அருவியில் வெப்பமானியை வைத்துப் பார்க்கலாம் என்று அக்கா மகள் சொன்னாள். நல்ல யோசனைதான், ஆற்றலின் அலகுக்குப் பெயர் தந்த இயற்பியலாளர் ஜூல் அதே யோசனையை 1845-இலேயே எழுதிவிட்டார். நயாகராவின் 160 அடி வீழ்ச்சியில் ஆற்று நீர் ஒரு பாரன்ஹீட் டிகிரியில் ஐந்தில் ஒரு பங்கு சூடேறும் என்பது அவர் கணிப்பு. 1847-இல் ஆல்ப்ஸ் மலையில் தேனிலவுப் பயணத்தின்போது அருவி ஒன்றில் அளந்து பார்க்கவும் முயன்றார். தண்ணீர் திவலையாகச் சிதறியதால் பலிக்கவில்லை. கிளியூர் அருவியின் உயரம் சுமார் 300 அடி, அதன்படி 0.2 டிகிரி ஏற வேண்டும். ஆனால் விழும் தண்ணீரில் பத்தாயிரத்தில் நான்கு பங்கு ஆவியானாலே அந்தச் சூடு முழுவதும் தீர்ந்துவிடும். திவலையாகத் தெறிக்கும் அருவியில் அவ்வளவு ஆவியாகாமல் இருக்காது. போய்ப் பார்க்கலாம், வெப்பமானி தேவையில்லை என்று சொல்லிவிட்டேன்.

செய்ய விரும்புகிறவர்கள் கவனிக்க வேண்டியது ஈயத் தூள். சில சுற்றுகளுக்குப் பிறகு குழாயைத் திறந்தால், உள்சுவர் முழுதும் பென்சில் கரி போன்ற சாம்பல் நிறம் பூசியிருக்கும். அது உரசிக் கழன்ற ஈயமும் ஈய ஆக்சைடும். அதை ஊதக் கூடாது, துடைப்பத்தால் கூட்டவும் கூடாது. ஈரத் துணியால் துடைத்து, துணியை உறையில் கட்டிவிட வேண்டும். சமையலறையிலும் சிறு குழந்தைகள் புழங்கும் அறையிலும் இந்த வேலை வேண்டாம். முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவாமல் சாப்பாட்டைத் தொடக் கூடாது. குண்டுகளை மூடியுள்ள டப்பாவில் போட்டு, மேலே ‘ஈயம்’ என்று எழுதி ஒட்டி, உயரமான அலமாரியில் வைத்திருக்கிறோம். அட்டைக் குழாயின் இரு முனைகளும் அடிபட்டு நைந்துவிட்டன; அடுத்த சுற்றுக்கு ஜவுளிக் கடையில் இன்னொன்று சொல்லிவைத்திருக்கிறேன்.